கப்பல் ஏறாத முயல்

செத் துறைமுகம், ஃபிரான்ஸ்
12 ஜனவரி 2025

அன்புள்ள ஜூடிக்கும் மெர்லின் பாப்பாவுக்கும்,

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். என் போன் கடலில் விழுந்துவிட்டது. அதனால் கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு எழுதின மாதிரி பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். துறைமுக வாசலில் கப்பல்காரர்களுக்கு என்று ஒரு இல்லம் இருக்கிறது. அதை நடத்துகிற சாமியார்தான் கவரும் ஸ்டாம்பும் கொடுத்தார். பதிலை அந்த இல்லத்து முகவரிக்கே போடு, என் கைக்கு வந்துவிடும்.

கப்பல் எஞ்சினில் ஏதோ கோளாறு. உதிரி பாகம் வர வேண்டுமாம். அதுவரை செத்தில்தான் கிடப்போம். குளிர் எலும்பைக் குடைகிறது. நம் காசிமேட்டுக் காற்று மாதிரி இல்லை, இது ஈவு இரக்கமில்லாத காற்று.

ஒரு சேதி சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நான் பிரெஞ்சு படிக்கிறேன். எங்கள் கப்பல் ஆடு மாடு ஏற்றுகிற கப்பல், உனக்குத் தெரியாததா. லாரியிலிருந்து இறக்கி ஏற்றும்போது கரையில் நிற்கிற மாட்டு டாக்டர் பிரெஞ்சில்தான் கத்துவார். ஒரு மாட்டைச் சொல்கிறாரா, மொத்த மந்தையையும் சொல்கிறாரா என்று தெரியாமல் நான் முழிப்பேன். அதனால் மிருகங்களின் பெயரிலிருந்தே ஆரம்பித்திருக்கிறேன். ஒரு மாடு என்றால் ‘யூன் வாஷ்’. பல மாடு என்றால் ‘தே வாஷ்’. எழுதும்போது கடைசியில் ஒரு எஸ் போடுகிறார்கள், வாயால் மட்டும் சொல்வதில்லை. முன்னால் நிற்கிற குட்டி வார்த்தையைக் கேட்டுத்தான் ஒன்றா பலவா என்று கண்டுபிடிக்க வேண்டும். சரி, எல்லாம் இப்படித்தான் என்று நினைத்தால் குதிரை என்னைக் கவிழ்த்துவிட்டது. ஒன்று என்றால் ‘ஷெவால்’, பல என்றால் ‘ஷெவோ’. மெர்லினுக்குச் சொல்லிக்கொடு. அவள் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
ஜெரி


பனைமரத்தொட்டி, ராயபுரம்
30 ஜனவரி 2025

ஜெரி,

கடிதம் வந்தது. வெளிநாட்டு ஸ்டாம்பைப் பார்த்து சந்து மொத்தமும் எட்டிப் பார்த்தது. ‘இன்னா ஜூடி, இந்தக் காலத்துல லெட்டரு?’ என்று கேட்காத ஆள் இல்லை. நானும் உன்னை அதைத்தான் கேட்கிறேன்.

போன் கடலில் விழுந்தது. சரி. கூட இருக்கிற இருபது பேர் போனும் சேர்ந்து குதித்ததா? அந்தச் சாமியார் இல்லத்தில் ஒரு போன் கிடையாதா? போனில் பேசினால் உன் குரலை வைத்தே நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் காகிதம். நான் நேற்று கல்யாணமாகி வந்தவள் இல்லை.

பிரெஞ்சு படிக்கிறாயாமே. ஏழு வருஷமாக ஒரு பீகார்க்காரரோடு ஒரே அறையில் படுக்கிறாய், ‘பானி’ தவிர இந்தியில் ஒரு வார்த்தை வராது உனக்கு. என்னோடு சண்டை போடக்கூட ராயபுரம் பாஷை போதும் என்று இருந்த ஆள். இப்போது குதிரை ஒன்றா பலவா என்று கவலை பிடித்துவிட்டது. உன் கப்பலில் எந்தக் காலத்தில் குதிரை ஏற்றினார்கள்? யார் சொல்லிக்கொடுப்பது? ஆணா, பெண்ணா? என்ன வயசு? இதற்கெல்லாம் எனக்குப் பதில் வேண்டும்.

மெர்லினுக்கு எல்லாம் விளையாட்டு. கல்மண்டபம் போகிற வழியில் மாட்டைப் பார்த்தால் நின்றுவிடுகிறாள். ‘அம்மா, மூணு கீது, அப்போ தே வாஷ்! எஸ் கீது, ஆனா சொல்லக் கூடாது’ என்று கத்துகிறாள். சொல்லக் கூடாத எழுத்து உன் கடிதம் முழுக்கவே இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒன்பது வயசுப் பிள்ளையிடம் அதைச் சொல்ல முடியுமா? நீ அனுப்பியதை அப்படியே படித்துக் காட்டினேன்.

ஒரே ஒரு கேள்வி. உன் கப்பல் இன்னும் செத்தில்தான் நிற்கிறதா? ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று எழுது போதும். ஊர் பேரே செத்தாம். நல்ல பேர் வைத்தார்கள்.

ஜூடி


செத் துறைமுகம்
16 பிப்ரவரி 2025

ஜூடி,

ஆமா. கப்பல் செத்தில்தான் நிற்கிறது. போதுமா?

நீ கடிதம் எழுதுகிறாயா, எஃப்.ஐ.ஆர். போடுகிறாயா? ஆணா, பெண்ணா, என்ன வயசு! துறைமுகத்தில் காவல் காக்கிற கிழவர்தான் சொல்லிக்கொடுக்கிறார். வாயில் ஒரு பல் கிடையாது. திருப்தியா?

கேள்வி கேட்க எனக்கும் தெரியும். காலடிப்பேட்டை ரவிக்குமார் வேறொரு கப்பலில் இங்கே வந்திருந்தான். சாமியார் இல்லத்தில் பார்த்தேன். அவன் பெண்டாட்டி நர்மதா போனில் சொன்னாளாம், ஏஜென்சி தாமோதரன் பைக் நம் வீட்டு வாசலில் அடிக்கடி நிற்கிறது என்று. என்னைக் கப்பலில் ஏற்றிவிட்டதோடு அந்த ஆள் வேலை முடிந்தது. நான் இல்லாத வீட்டில் அவருக்கு என்ன வேலை? ரவிக்குமார் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன்.

மெர்லினுக்குப் படம் போட்ட அட்டைகள் இதோடு வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் ஒரே ஒரு மிருகம், திருப்பினால் அதுவே கூட்டமாக. முயல் ‘லப்பேங்’, வாத்து ‘கனார்’, கழுதை ‘ஆன்’, வெள்ளாடு ‘ஷேவ்ர்’. ஒன்றானாலும் பலவானாலும் இதற்கெல்லாம் ஒரே சத்தம்தான். பறவை ‘வஸோ’. பறவைகள் என்றால் எஸ்ஸுக்குப் பதிலாக எக்ஸ் போட வேண்டும், அதையும் வாய் திறந்து சொல்வதில்லை. முதலில் எனக்கும் பேஜாராகத்தான் இருந்தது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக நாக்கு வளைகிறது. தப்பாகச் சொன்னால் சிரிக்கிறார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

வெள்ளாட்டு அட்டையின் மூலையில் பல் தடம் தெரிகிறதே, அது பிஜூ என்கிற ஆட்டின் வேலை. கீழே வைத்திருந்தேன், வந்து மென்றுவிட்டது. அவளுக்குக் காகிதம் என்றால் உயிர்.

தாமோதரன் விஷயத்துக்கு மறைக்காமல் பதில் எழுது.

ஜெரி


பனைமரத்தொட்டி, ராயபுரம்
5 மார்ச் 2025, சாம்பல் புதன்

யோவ் ஜெரி,

நெற்றியில் சாம்பலோடு எழுதுகிறேன். இன்றைக்கு என் வாயில் பொய் வராது. உனக்கும் வராமல் இருந்தால் நல்லது.

தாமோதரன் பைக் நம் வாசலில் நிற்கிறது. ஆமா. நர்மதாவுக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. ஜனவரி எட்டாம் தேதி முதல் தடவையாக வந்தார். வாசலில் நின்றுகொண்டே, ‘இன்னாம்மா, ஜெரி போன் கீன் பண்ணானா? செத்துல கப்பல உட்டு எறங்கினவன் திரும்பி ஏறவே இல்லியாம். ஓடிட்டான்மா. கம்பெனிக்காரன் எங்க கழுத்துல கத்திய வெச்சிகினு கீறான்’ என்றார். மெர்லின் உள்ளே இருந்தாள். அவளுக்குக் கேட்கக் கூடாது என்று டிவி சத்தத்தைக் கூட்டினேன். அன்றிலிருந்து வாரம் தவறாமல் வந்து கேட்கிறார். நான் தெரியாது என்கிறேன். இதுதான் அந்த பைக்கின் கதை.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று நினைக்காதே. ராயபுரத்தில் கப்பல்காரன் பெண்டாட்டி எவள் போனில் கப்பல் காட்டுகிற ஆப் இல்லை? உலை வைத்துவிட்டு நாங்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். கல்யாணமான புதிதில் நீயே போட்டுக்கொடுத்தது. மறந்து தொலைத்துவிட்டாய். உன் கப்பல் ஜனவரி நாலாம் தேதியே செத்தைவிட்டுக் கிளம்பிவிட்டது. அல்ஜீரியா போனது, ஸ்பெயின் போனது, இப்போது லிபியா பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கிறது. நீ எஞ்சின் கோளாறு என்று எழுதின அன்றைக்கு அது நடுக்கடலில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்துதான் உன்னை ஆமாவா இல்லையா என்று கேட்டேன். நீயாக வாயைத் திறந்து சொல்வாய் என்று ஒரு ஆசை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய்.

சரி, அட்டைகளுக்கு வருகிறேன். முயலையும் வாத்தையும் எந்தக் கப்பலில் ஏற்றுகிறார்கள்? பக்கத்து வீட்டு இஷ்ரத் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்துப் படித்தவள். அட்டையைப் பார்த்ததும், ‘அக்கா, இது பெரியவங்க எழுத்து இல்ல. அங்க ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு இப்டித்தான் சுழிச்சி சுழிச்சி எழுதக் கத்துக்குடுப்பாங்க’ என்றாள். கலர் பென்சில் கோட்டுக்கு வெளியே ஓடியிருக்கிறது. பல்லில்லாத கிழவர் ஒண்ணாம் வகுப்பா படிக்கிறார்?

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். அந்த ஆடு இருக்கிறதே, பிஜூ, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. முதல் தடவை அந்தக் கப்பலுக்குப் போய்விட்டு வந்து நீ என்ன சொன்னாய்? ‘எதுக்கும் பேர் மட்டும் வெக்கக் கூடாது ஜூடி. ஒண்ணுத்த தனியா நின்னு பாக்கவும் கூடாது. இன்னிக்கி பேர் வெச்சா நாளிக்கி அது செத்து, தூக்கிக் கடல்ல போட சொல்லோ கை நடுங்கும்.’ இங்கே வந்து மெர்லின் வளர்த்த பூனைக்குட்டிக்குக்கூட நீ பேர் வைக்க விடவில்லை. அப்படிப்பட்ட ஆள் ஒரு ஆட்டுக்குப் பேர் சொல்லி, அவள் இவள் என்று எழுதுகிறாய். நீ கப்பலில் இல்லை. நிலத்தில், எவள் வீட்டிலோ இருக்கிறாய். அங்கே ஒரு குழந்தையும் இருக்கிறது.

அது உன் குழந்தையா? ஒளிக்காமல் எழுது. நான் தாங்குவேன்.

ஜூடி


24 மார்ச் 2025

ஜூடி,

என் குழந்தை இல்லை. மெர்லின் தலையில் கை வைத்துச் சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்கு ஆறு வயசு. பேர் லூ. அவள் அம்மா கிளேர். புருஷன் செத்து மூன்று வருஷமாகிறது. செத்திலிருந்து ரொம்ப உள்ளே, மலைக்கு ஏறுகிற வழியில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறாள். நான் கொட்டகைக்கு மேலே இருக்கிற பரணில் படுக்கிறேன். சாமியார்தான் இங்கே அனுப்பிவைத்தார். பாவம், அவருக்கும் நான் முழுசாகச் சொல்லவில்லை.

ஏன் இறங்கினேன் என்று எழுத வேண்டும். நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின பயணத்தில் கீழ்த்தளத்துக்குக் காற்று ஊதுகிற ஃபேன் நின்றுவிட்டது. மூச்சு முட்டி ஆடுகள் விழ ஆரம்பித்தன. செத்ததைக் கடலில் போடுவது எங்கள் வேலைதான், புதிதில்லை. ஆனால் அன்றைக்குக் கப்பல் அதிகாரிகள் சாகப் போகிறதையும் சேர்த்துப் போடச் சொன்னார்கள். கரையில் கணக்குக் காட்டும்போது நோய் பிடித்த ஆடு கண்ணில் படக் கூடாதாம். நான் போட்டேன் ஜூடி. உயிரோடு போட்டேன். ஒன்று தண்ணீரில் விழுந்த பிறகும் கப்பலைப் பார்த்துக்கொண்டே நீந்தியது. இதை உன்னிடம் போனில் சொல்லியிருந்தால் எனக்குக் குரல் உடைந்திருக்கும். நீ ‘வூட்டுக்கு வா’ என்றிருப்பாய். வந்திருப்பேன். வந்து என்ன செய்வது? எனக்கு வேறு எந்த வேலை தெரியும்?

செத்துக்குத் திரும்பி வந்ததும் சிகரெட் வாங்கப் போகிறேன் என்று சொல்லி இறங்கினேன். நடந்துகொண்டே இருந்தேன். போனை நானேதான் தண்ணீரில் எறிந்தேன். பாஸ்போர்ட் கேப்டனிடம் மாட்டிக்கொண்டது.

லூ பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் ஒருமை பன்மை நடத்துகிறார்கள். வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிடுவாள். நான் தப்பு செய்தால் டீச்சர் மாதிரி இடுப்பில் கை வைத்து அதட்டுவாள். ‘ஷெவால்’ என்று நான் பத்துக் குதிரைக்கும் சொன்னபோது உருண்டு உருண்டு சிரித்தாள். கப்பலில் நாங்கள் எண்ணிக்கை மட்டும்தான் சொல்வோம். இங்கே ஒவ்வொன்றையும் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்கிறாள். எனக்கு அது வேண்டியிருந்தது. உனக்குப் புரியுமோ தெரியவில்லை.

கிளேரோடு எனக்கு வேறு எதுவும் இல்லை. நம்பினால் நம்பு. மூன்று நாலு வருஷம் இப்படியே கண்ணில் படாமல் இருந்துவிட்டால் இங்கேயே தங்குவதற்கான காகிதம் வாங்க வழி இருக்கிறதாம். வாங்கியதும் உங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொள்வேன். பண்ணை முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. என்னைச் செத்தவன் மாதிரி நினைத்துக்கொள், யாரிடமும் சொல்லாதே. தாமோதரனிடம் உயிர் போனாலும் சொல்லாதே.

ஜெரி


பனைமரத்தொட்டி, ராயபுரம்
7 ஏப்ரல் 2025

ஜெரி,

ஆட்டைப் பற்றி நீ எழுதினதை நம்புகிறேன். படித்துவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கப்பலுக்கு இனி நீ போக வேண்டாம். எந்தக் கப்பலுக்குமே போக வேண்டாம். மாத்தூரில் நான் வேலை பார்க்கிற கன்டெய்னர் யார்டில் ஆள் எடுக்கிறார்கள். வீடு இப்போதே என் சம்பளத்தில்தான் ஓடுகிறது, யாரும் பட்டினி கிடக்கவில்லை.

கிளேரைப் பற்றி எழுதினதை நம்பவில்லை. பொய் என்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் என்னை டபாய்த்தவன் நாலாவது மாதம் மெர்லின் தலையில் கை வைக்கிறான். கை அங்கே, தலை இங்கே. நான் எதைப் பிடித்துக்கொண்டு நம்புவது?

மூன்று நாலு வருஷமாம். இளநீர் குடிக்கிற மாதிரி சொல்கிறாய். அப்போது மெர்லினுக்குப் பதின்மூன்று வயசு. இன்னொரு பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் நீ பாஸாகிக்கொண்டிருப்பாய். மே இருபத்தைந்தாம் தேதி நம் கோயிலில் மெர்லினுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள். அதற்குள் தூதரகத்துக்கு நீயே நடந்து போ. பாஸ்போர்ட் இல்லை, ஊருக்கு அனுப்புங்கள் என்று கேள். தானாகப் போனால் மரியாதையாக அனுப்புவார்கள் என்று தாமோதரனே சொல்கிறார். உன் முகவரியை நான் அவரிடம் சொல்லவில்லை.

அப்பா வருவாரா என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

ஜூடி


19 ஏப்ரல் 2025

ஜூடி,

நாளைக்கு ஈஸ்டர். உங்களுக்கு என் வாழ்த்து.

உன் கடிதத்தை நிறைய தடவை படித்தேன். வருவேன், வராமல் எங்கே போகப் போகிறேன். ஆனால் இப்போது முடியாது. இது ஆடுகள் குட்டி போடுகிற காலம். தினம் இரண்டு மூன்று ஈனுகிறது. பிஜூவுக்கு இரட்டைக் குட்டி, ஒன்று கால் மாட்டிக்கொண்டு வந்தது, நான்தான் கையை விட்டு எடுத்தேன். கிளேர் தனியாக இதைச் சமாளிக்க மாட்டாள். லூவும் விட மாட்டேன் என்கிறாள். ‘நீ போனால் யாரோடு படிப்பேன்’ என்று கேட்கிறாள். இப்போது நான் மிருகத்தின் பெயரோடு நிற்பதில்லை, முழு வாக்கியமே சொல்கிறேன். ‘குட்டிகள் பால் குடிக்கின்றன’ என்று தப்பில்லாமல் சொன்னேன், அம்மாவும் பிள்ளையும் கை தட்டினார்கள்.

மெர்லினிடம் அப்பா அடுத்த வருஷம் கட்டாயம் வருவார் என்று சொல். வெள்ளை கவுனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பரணில் மாட்டி வைக்கிறேன்.

கோபப்படாதே.

ஜெரி


எம்.கே.பி. நகர்
21 மே 2025

ஜூடி,

நான் சென்னைக்கு வந்து நாலு நாளாகிறது. அக்கா சிலுவையம்மாள் வீட்டில் இருக்கிறேன். உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது, அதனால் நேரே வரவில்லை. நாளைக்குக் காலையில் அக்கா காசிமேட்டுக்கு மீன் எடுக்க வரும்போது இதைக் கொண்டுவந்து கொடுப்பாள். பதில் இருந்தால் அவள் கையிலேயே கொடு.

பிடித்து அனுப்பிவிட்டார்கள். பண்ணைக்கு நேராக வந்தார்கள், ஊரில் யாரையும் வழி கேட்கவில்லை. நான் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கையைக்கூடக் கழுவ விடவில்லை. கிளேர் வாசலில் நின்று அழுதாள். நாடகம். இப்போது யோசித்தால் எல்லாம் புரிகிறது. குட்டி போடுகிற காலம் முடியும் வரைக்கும் நான் வேண்டியிருந்தேன். முடிந்ததும் போலீஸுக்கு ஒரு போன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

வயிறு எரிகிறது. வந்து இறங்கின அன்றைக்கே அவளுக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். பிரெஞ்சில்தான். எனக்கு வசவு தெரியாது, மிருகங்கள்தானே தெரியும். அதையே எழுதினேன். நாய் என்று எழுதவில்லை, நாய்கள் என்று எழுதினேன். தாயையும் பிள்ளையையும் சேர்த்துத்தான். அந்தக் குட்டியும் கூட இருந்து என்னைச் சிரித்துச் சிரித்து ஏமாற்றியதுதானே.

அந்த முகவரி, இடம் காட்டிய சாமியாரை விட்டால், உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவளுக்கும் உனக்கும். நீ சொல்ல மாட்டாய். தாமோதரன் வாராவாரம் வாசலில் வந்து நின்றபோதும் வாயைத் திறக்காதவள் நீ. உன்னைப் போய் அந்த பைக்கை வைத்துச் சந்தேகப்பட்டேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இனி இந்த ஜென்மத்தில் உன்னைச் சந்தேகப்பட மாட்டேன். எனக்கு உலகத்தில் நம்ப மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை புதுநன்மைக்கு வரட்டுமா? வா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், ஓடி வந்துவிடுவேன்.

ஜெரி


பனைமரத்தொட்டி, ராயபுரம்
22 மே 2025

ஜெரி,

உன் அக்கா வெளியே மீன் கூடையோடு நிற்கிறாள். ‘சீக்கிரம் எழுதும்மா, மீனு நாறிடும்’ என்கிறாள். வா என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் இப்போதே என் வேலை முடிந்தது. நீ வருவாய், மெர்லின் குதிப்பாள், சந்து வாயை மூடும். அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

உன்னைக் காட்டிக்கொடுத்தது கிளேர் இல்லை. நான்தான்.

ஆடு குட்டி போடுகிறது, புதுநன்மைக்கு வர முடியாது என்று எழுதினாயே, அந்தக் கடிதம் வந்த அன்றைக்கே தாமோதரனுக்கு நானே போன் போட்டேன். ‘எழுதிக்கோங்க, கம்பெனி மூலமா அங்க போலீஸுக்குச் சொல்லுங்க’ என்று உன் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ‘யோசிச்சி சொல்றியாம்மா? உம் புருஷன் அப்பறம் கப்பலு பக்கமே போவ முடியாது’ என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். நீ அங்கே சாகவில்லை, உனக்கு வியாதியில்லை, கைவிலங்கு இல்லை. சந்தோஷமாக இருந்தாய். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் ஒரு வருஷம் விட்டால் நீ அங்கேயே ஒட்டிக்கொள்வாய். அந்தப் பிள்ளைக்கு அப்பா ஆகிவிடுவாய், இந்தப் பிள்ளைக்கு ஒரு போட்டோ ஆகிவிடுவாய். அதனால் இழுத்தேன். மன்னிப்பு கேட்க மாட்டேன், எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

கிளேரை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் உனக்கும் நடுவில் என்ன இருந்தது என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் போக்கிடம் இல்லாத உனக்கு இடம் கொடுத்து, சோறு போட்டாள். அந்த ஆறு வயசுப் பிள்ளை எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது. அது கொடுத்த எழுத்தை வைத்தே அதை நாய் என்று திட்டியிருக்கிறாய். அதுவும் நான் செய்த காரியத்துக்காக. உன் கடிதத்தில் அந்த இடத்தை மறுபடி படித்துவிட்டுத்தான் ‘வா’ என்று எழுதினதைக் கிழித்தேன். நல்ல தமிழிலே ஒரு கெட்ட வார்த்தை கிடைக்கவில்லையா உனக்கு?

இஷ்ரத்தை எழுப்பி அந்தச் சாமியார் இல்லத்துக்குப் போன் போடச் சொன்னேன். அங்கே பொழுது விடியவில்லை, பாவம் அந்த மனுஷர் எழுந்து வந்து எடுத்தார். ‘ஒரு கடிதம் வரும், பிள்ளை கையில் கிடைக்க விடாதீர்கள், அதில் இருப்பது எதுவும் உண்மையில்லை, போலீஸுக்குச் சொன்னது அவர் மனைவி’ என்று சொல்லச் சொன்னேன். இஷ்ரத் கடைசி வரியைச் சொல்லத் தயங்கினாள். ‘அக்கா, அத்த சொல்லணுமா? உங்க வூட்டு விஷயமாச்சே’ என்றாள். சொல்லு என்றேன். அவர் இன்றைக்கே பண்ணைக்குப் போவதாகச் சொன்னார்.

என்னை நம்பலாம் என்று எழுதியிருக்கிறாய். படிக்க நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், இரண்டு தடவை படித்தேன். ஆனால் நீ நம்புகிறவள் வேறு யாரோ. நான் இப்படித்தான். நாளைக்கும் மெர்லினை விட்டு நீ போனால், எந்த ஊரில் ஒளிந்தாலும் காட்டிக்கொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிப் பூசை. மெர்லின் முன்னால் பிள்ளைகளோடு உட்காருவாள், நான் மூன்றாவது பெஞ்சில் இருப்பேன். உனக்காக இடம் பிடித்து வைக்க மாட்டேன். வந்து நின்றால் நகர்ந்து உட்காருகிறேன்.

ஜூடி